நாய்த்தோல் சிவந்தால் முதலில் இடத்தைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

நாய்களுக்கு வரும் அரிப்பு, சிவப்பு, தடிப்பு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கால்நடைத் தோல் மருத்துவர்கள் இந்த இதழில் பதில் தருகிறார்கள்.

கேள்வி: தரை துடைக்கும் திரவத்தை மாற்றி இரண்டு நாள் ஆகிறது. எங்கள் லாப்ரடாரின் அடிவயிறும் தொடை இடுக்கும் சிவந்து, சின்னச் சின்னப் பருக்கள் வந்திருக்கின்றன. வீட்டில் உள்ள இன்னொரு நாய்க்கும் லேசாகச் சிவந்திருக்கிறது. இது அலர்ஜிதானே டாக்டர்?

பதில்: அலர்ஜியாக இருக்க வாய்ப்பு குறைவு. இரண்டு நாய்களுக்கும் ஒரே சமயத்தில் வந்திருப்பதுதான் இதில் முக்கியமான துப்பு. அந்தத் திரவம் தோலை நேரடியாக எரித்திருக்கிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எரிச்சலும் ஒவ்வாமையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வரும் வழிதான் வேறு. எரிச்சலில் அந்தப் பொருளே தோலின் மேல்செல்களைச் சிதைக்கிறது. நாயின் எதிர்ப்புச் சக்திக்கு இதில் முன்னறிமுகம் எதுவும் தேவையில்லை. செறிவு அதிகமாக இருந்து, ஈரம் போதிய நேரம் தோலில் நின்றால், எந்த நாய்க்கும் முதல் தடவையிலேயே வரும். சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் தெரிந்துவிடும். தொடு ஒவ்வாமைக்கோ பழக்கம் வேண்டும். பல மாதமோ சில வருடமோ ஒரு பொருளோடு பழகி, அதை எதிரியாகப் பதிந்துகொண்ட டி செல்கள் (எதிர்ப்புச் சக்தியின் ஒருவகை வெள்ளணுக்கள்) உருவான பிறகுதான் அது தலைகாட்டும். பதிந்த பின் ஒவ்வொரு முறை தொடும்போதும் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் தோல் சிவக்கும். இது ஆளைப் பார்த்து வருவது. ஒரே வீட்டில் நான்கு நாய் இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றுக்கு மட்டும்தான் வரும். அதனால், "பல மாதமாக இதே திரவத்தைத்தான் பயன்படுத்துகிறோம், அப்போதெல்லாம் வரவில்லையே" என்று ஒரு பொருளைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள். ஒவ்வாமை பழைய பொருளுக்குத்தான் வரும்.

இடமும் பேசும். அடர்ந்த முடி ஒரு கவசம். அது இல்லாத அடிவயிறு, அக்குள், தொடை இடுக்கு, விரல் இடுக்கு, ஆண் நாயின் விதைப்பை, வாலின் அடிப்பக்கம், முகவாய் ஆகியவைதான் தரையிலிருந்து வரும் எதற்கும் முதலில் பலியாகும். நாயின் மேல்தோல் மனிதத் தோலைவிட மெல்லியது. உயிருள்ள செல் அடுக்குகள் சிலவே. உங்கள் கைக்கு ஒன்றும் செய்யாத கரைசல், ஈரத் தரையில் வயிற்றை அழுத்திப் படுத்துக் கிடக்கும் நாயை எரித்துவிடும். சிவப்பு முதுகிலும் பக்கவாட்டிலும் பரவியிருந்தால் ஷாம்பூ, ஸ்பிரே போன்ற, முடியைத் தாண்டி இறங்கும் திரவங்களை விசாரிக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது: வெதுவெதுப்பான தண்ணீரில் வயிறு, இடுக்கு, நான்கு பாதங்களையும் நன்றாக அலசி, ஒற்றித் துடையுங்கள், தேய்க்காதீர்கள். தரையை வெறும் தண்ணீரால் இரண்டு முறை துடைத்து, காய்ந்த பிறகே நாய்களை உள்ளே விடுங்கள். பிறகு 10 முதல் 14 நாள் அந்தத் திரவம் வீட்டில் எந்த மூலையிலும் வேண்டாம். வெறும் தண்ணீர் போதும். புண் ஆறிவிட்டால் பாதி விடை கிடைத்துவிட்டது. அதே பொருளை மறுபடி பயன்படுத்தியதும் திரும்பி வந்தால் மீதிப் பாதியும் கிடைத்துவிடும். ஆனால் தோல் உரிந்து கசிந்த நாயிடம் அந்த மறுசோதனை வேண்டாம், விலக்கினால் போதும். மீண்டும் ஒரு கிருமிநாசினி தேவைப்படும்போது புட்டியில் சொன்ன அளவை அளந்தே ஊற்றுங்கள். கண்ணளவில் ஊற்றினால் செறிவு கூடி எரிச்சல் வரும். பென்சால்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினி கலந்த திரவங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நாய் பாதத்தை நக்கும்போது நாக்கும் வெந்து புண்ணாகும். எச்சில் ஒழுகுதல், சாப்பிட மறுத்தல் இருந்தால் வாயைத் திறந்து பாருங்கள்.

பிளீச் பயன்படுத்தும் வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. நாய் சிறுநீர் கழித்த இடத்தில் நேரடியாக பிளீச் ஊற்றக் கூடாது. அம்மோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு வரும். முதலில் தண்ணீரால் கழுவுங்கள்.

கேள்வி: கட்டட வேலை நடக்கும் இடத்தில் நாய் ஈர சிமென்ட்டில் நடந்துவிட்டது. வினிகரால் கழுவலாம் என்கிறார்கள். சரியா?

பதில்: வேண்டாம். ஈர சிமென்ட்டின் கார அளவு 12-க்கு மேல். அமிலத்தை ஊற்றினால் அந்த வினையில் வெப்பம் உண்டாகும்; ஏற்கெனவே வெந்த தோலில் அமிலமும் சேர்ந்து எரிக்கும். ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம், விரல்களை விரித்து, நக இடுக்கு வரை கழுவுங்கள். உலர்ந்த தூளாக இருந்தால் முதலில் துணியாலோ பிரஷ்ஷாலோ தட்டி உதறிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், நாயை நக்க விடாதீர்கள். காரப் புண்ணுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: முதல் சில மணி நேரம் ஒன்றுமில்லாததுபோல் இருந்து, மறுநாள்தான் பாத மெத்தை உரியும். நொண்டினாலோ தோல் வெளுத்தாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

எண்ணெய் பெயின்ட், தார், கிரீஸ் ஒட்டினால் தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய் மூன்றையும் தொடாதீர்கள். அவை தோலை எரிப்பதோடு, நக்கும்போது நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். சமையல் எண்ணெயைத் தேய்த்து இளக்கி, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தால் எண்ணெயையும் எடுங்கள். காய்ந்துவிட்ட பெயின்ட் என்றால் அந்த முடியை மட்டும் மெஷினால் எடுத்துவிடுவது நல்லது.

கேள்வி: குளிப்பாட்டிய இரண்டாம் நாள் என் ஜெர்மன் ஷெப்பர்டு முதுகைத் தொட்டாலே அலறுகிறது. முதுகெலும்பு நெடுகக் கட்டிகள், காய்ச்சலும் இருக்கிறது. ஷாம்பூ அலர்ஜி என்று ஷாம்பூவை மாற்றிவிட்டேன். போதுமா?

பதில்: போதாது. இன்றே மருத்துவரைப் பாருங்கள். அரிப்பு இல்லாமல் கடும் வலி, காய்ச்சல், முதுகின் நடுக்கோட்டில் கட்டிகள், குளித்த ஓரிரு நாளில் தொடக்கம் ஆகியவை சேர்ந்து வந்தால் அது அலர்ஜியின் முகமே இல்லை. மயிர்க்கால்களுக்குள் பாக்டீரியா இறங்கி, அவை உள்ளுக்குள் வெடித்துச் சீழ்பிடிப்பதுதான் அது. பெரும்பாலும் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற கிருமி. ஷாம்பூவைத் தண்ணீரில் கலந்து ஒரு புட்டியில் வைத்து, வாரக்கணக்கில் பயன்படுத்தும்போது அந்தக் கலவையிலேயே இது பெருகும். பிறகு முடியை எதிர்த்திசையில் அழுத்தித் தேய்க்கும்போது மயிர்க்காலுக்குள் புகுந்துவிடும்.

இதற்குச் சீழை வளர்சோதனைக்கு அனுப்பி, அதற்கேற்ற ஆன்டிபயாடிக்கைப் பல வாரம் வாய்வழி கொடுக்க வேண்டும்; வலிநிவாரணியும் தேவை. அலர்ஜி என்று நினைத்து ஸ்டீராய்டு போட்டால் தொற்று இரத்தத்தில் பரவ வழிசெய்ததாகிவிடும். இனிமேல் ஷாம்பூவை அந்தக் குளியலுக்குத் தேவையான அளவு மட்டும் கலந்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். முடி படியும் திசையிலேயே தேயுங்கள்.

கேள்வி: இரண்டு வயது கோல்டன் ரிட்ரீவர். முன்னங்கால் பாதங்களை ஓயாமல் நக்குகிறது. வெள்ளை முடி துருப்பிடித்த நிறத்துக்கு மாறிவிட்டது. காதும் அடிக்கடி சிவக்கிறது. உள்ளூர் மருத்துவர் ஊசி போட்டால் சரியாகி, மறுபடி வருகிறது. சோப்பு, தரை, பாத்திரம் எல்லாம் மாற்றியாகிவிட்டது.

பதில்: அந்த நிறம் எச்சிலில் உள்ள போர்ஃபிரின் என்ற நிறமி. நோயின் நிறம் அல்ல, நக்கலின் அளவைக் காட்டும் சாட்சி.

ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தொடக்கம், முன்பாதங்களும் காது மடலின் உட்புறமும் சிவப்பது, முதலில் புண் இல்லாமல் அரிப்பு மட்டும் வருவது, ஸ்டீராய்டுக்கு உடனே அடங்குவது, காது மடலின் ஓரமும் இடுப்பு முதுகும் தப்பித்திருப்பது ஆகியவை அடோபி எனப்படும் பரம்பரைத் தோல் ஒவ்வாமையின் அடையாளங்கள். வீட்டுத் தூசிப் பேன், மகரந்தம், பூஞ்சை வித்து போன்றவை, தடுப்புச்சுவர் பலவீனமான தோல் வழியாக உள்ளே போய் எதிர்வினையைத் தூண்டுகின்றன. ஆண்டு முழுதும் அரித்தால் தூசிப் பேன் மேல் சந்தேகம் போகும். குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் என்றால் மகரந்தம். அடோபியை எந்த ஒரு சோதனையும் உறுதிசெய்யாது. தெள்ளுப்பூச்சி, சொறிப்பூச்சி, தொற்று, உணவு ஆகியவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகு மிஞ்சுவதுதான் அந்தப் பெயர். பொறுமை தேவைப்படும் வேலை இது. அவசரப்பட்டு நடுவில் ஒரு படியைத் தாண்டினால் திரும்ப அங்கேயே வந்து நிற்க வேண்டியிருக்கும்.

ஒரு பாதம் மட்டும் என்றால் கதை வேறு. முள், புல்லின் கூர்முனை, உடைந்த நகம், மூட்டு வலி என்று தேடுங்கள்.

பெரும்பாலானோர் தவறவிடுவது தொற்றைத்தான். ஒவ்வாமைத் தோலில் ஸ்டாஃபிலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்ற பாக்டீரியாவும், மலசீசியா என்ற ஈஸ்டும் பெருகும். இரண்டுமே தம் பங்குக்கு அரிப்பைக் கூட்டும். அரிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று சேரக்கூடியவை. தூசிப் பேனுக்கான சிறு அரிப்பை நாய் பொறுத்துக்கொள்ளும். அதோடு ஈஸ்டும் நாலு தெள்ளும் சேர்ந்தால் இரவெல்லாம் நக்கும். ஆகவே மூலக் காரணத்தை ஒழிக்க முடியாவிட்டாலும், மேலே சேர்ந்தவற்றை எடுத்தாலே நாய் நிம்மதியாகத் தூங்கும். பிசுபிசுப்பு, ஊசிப்போன வாடை, கருத்துத் தடித்து யானைத் தோல் போலான இடங்கள் இருந்தால் ஈஸ்ட். மோதிர வடிவில் செதில், நுனியில் சீழ் வைத்த பரு என்றால் பாக்டீரியா. செல்லோடேப்பைத் தோலில் ஒட்டி எடுத்து, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். ஊசிக்கு முன் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில்: 2 சதவீதம் குளோர்ஹெக்சிடினும் 2 சதவீதம் மைக்கோனசோலும் கலந்த ஷாம்பூவில் வாரம் இரு முறை. நுரை தோலில் பட்டு 10 நிமிடம் நிற்க வேண்டும். கடிகாரம் பார்த்தே அலசுங்கள். இரண்டு நிமிடத்தில் அலசிவிட்டு "ஷாம்பூ வேலை செய்யவில்லை" என்பதுதான் வழக்கமாக நடப்பது. கண்ணிலும் காதுக்குள்ளும் போகக் கூடாது. செவிப்பறை கிழிந்திருந்தால் குளோர்ஹெக்சிடின் காதைச் செவிடாக்கக்கூடும். தொற்று அடங்கிய பின் வாரம் ஒரு முறை, மென்மையான ஷாம்பூவும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். வெளியே போய்வந்ததும் பாதங்களை ஈரத்துணியால் துடைத்து, விரல் இடுக்கை உலர்த்துங்கள். ஈரமாகவே விட்டால் ஈஸ்டுக்கு விருந்து. மீனெண்ணெயில் உள்ள ஒமேகா-3 உதவும், ஆனால் 8 முதல் 12 வாரம் கொடுத்த பிறகே பலன் தெரியும்.

கேள்வி: வாலடியும் இடுப்பும் மொட்டையாகும் அளவுக்குக் கடித்துக்கொள்கிறது. தினமும் சீப்பு போட்டுப் பார்க்கிறேன், ஒரு தெள்ளுப்பூச்சிகூட இல்லை. அப்படியிருக்கத் தெள்ளு அலர்ஜி எப்படி?

பதில்: அலர்ஜி உள்ள நாயிடம் தெள்ளு கிடைப்பதே அரிது, கடித்துக் கடித்து விழுங்கிவிடும். அதற்கு அரிப்பு வரப் பெரிய கூட்டம் வேண்டாம். தெள்ளின் எச்சிலில் உள்ள புரதத்துக்குத்தான் ஒவ்வாமை. ஓரிரு கடியே பல நாள் அரிக்க வைக்கும். பூச்சியைத் தேடாமல் அதன் கழிவைத் தேடுங்கள். சீப்பில் வந்த கறுப்புத் துகள்களை ஈர வெள்ளைக் காகிதத்தில் வைத்தால், மண் என்றால் அப்படியே இருக்கும்; தெள்ளுக் கழிவு என்றால் செம்பழுப்பு வட்டம் பரவும். அது செரித்த இரத்தம்.

வால் தொடங்கும் இடம், இடுப்பின் மேல்பகுதி, தொடையின் பின்புறம் என்ற முக்கோணம் அரித்தால், துகள் கிடைக்காவிட்டாலும் தெள்ளு மருந்தைத் தொடங்கிவிடுவதுதான் சரி. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டை வரை இடும். நாயின் மேல் தெரிவது மொத்தத்தில் ஏறத்தாழ 5 சதவீதம்தான். மீதி முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகப் படுக்கையிலும் தரை இடுக்கிலும் இருக்கிறது. கூட்டுக்குள் பூச்சிமருந்து போகாது. பல மாதம் அப்படியே காத்திருந்து, நடமாட்டத்தின் அதிர்வு உணர்ந்ததும் வெளிவரும். அதனால்தான் மருந்து போட்ட மூன்றாவது வாரம் "மறுபடி வந்துவிட்டது" என்று தோன்றும். வீட்டில் உள்ள எல்லா நாய், பூனைகளுக்கும் சேர்த்துக் குறைந்தது மூன்று மாதம் இடைவிடாமல் மருந்து வேண்டும். படுக்கைத் துணியை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். வாக்குவம் போட்ட குப்பையை உடனே வெளியேற்றுங்கள்.

ஃப்ளுராலனர், அஃபாக்சோலனர் போன்ற மாத்திரைகள் நன்றாக வேலை செய்யும். வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள். நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது, அது உயிரைக் குடிக்கும்.

கேள்வி: உணவு அலர்ஜி என்று சொல்லி மூன்று பிராண்டு மாற்றிவிட்டோம். பலன் இல்லை. இரத்தப் பரிசோதனையில் பதினைந்து உணவுகள் ஆகாது என்று வந்திருக்கிறது. இனி எதைத்தான் கொடுப்பது?

பதில்: அந்தத் தாளை ஒதுக்கி வையுங்கள். உணவு ஒவ்வாமையை இரத்தம், எச்சில், முடி ஆகிய எந்தச் சோதனையாலும் நம்பகமாகச் சொல்ல முடியாது. நலமான நாய்களுக்கே இவற்றில் "ஆகாது" என்று வருகிறது. பிராண்டு மாற்றுவதாலும் விடை கிடைக்காது. மூன்று பைகளிலும் பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே அதே கோழி, அதே கோதுமை இருந்திருக்கலாம். நாய்களில் அதிகம் ஒவ்வாமை தருபவை மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை. தானியம் மட்டும்தான் குற்றவாளி என்ற எண்ணம் தவறு.

வழி ஒன்றே ஒன்று: விலக்கு உணவுச் சோதனை, 8 வாரம். இந்த நாய் வாழ்நாளில் தொடாத ஒரு இறைச்சியும் ஒரு மாவுச்சத்தும் மட்டும். அல்லது புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரித்த ஹைட்ரோலைஸ்டு உணவு. கோழி ஆகாத நாய்க்கு வாத்தும் வான்கோழியும் நல்ல தேர்வல்ல. மாடு ஆகாததற்கு ஆடும் அப்படியே. புரதங்கள் உறவுக்காரர்கள். கடையில் "ஒரே புரதம்" என்று விற்கும் சாதாரண உணவுகளில் அதே இயந்திரத்தில் ஓடிய வேறு இறைச்சியின் எச்சம் இருக்க வாய்ப்பு உண்டு. சோதனைக்கு மருத்துவ உணவோ வீட்டுச் சமையலோ நல்லது. வீட்டுச் சமையல் சத்துச் சமநிலை இல்லாதது. வளர்ந்த நாய் 8 வாரம் தாங்கும்; குட்டிக்குக் கொடுக்கக் கூடாது.

சோதனை தோற்பது பெரும்பாலும் தட்டில் அல்ல, தட்டுக்கு வெளியே. இறைச்சி மணமூட்டிய மாத்திரை, நாய்ப் பற்பசை, மாத்திரையை மறைத்துக் கொடுக்கும் சீஸ், குழந்தை கைதவறிப் போடும் பிஸ்கட், பூனைத் தட்டு, கடிக்கும் எலும்பு என்று எல்லாமே உணவுதான். ஒரு முறை மீறினாலும் அரிப்பு சில நாள் நீடிக்கும், கணக்கு குழம்பும். வீட்டில் எல்லாரும் ஒரே தாளில் எழுதுங்கள்: தேதி, கொடுத்தது, அரிப்புக்கு 0 முதல் 10 வரை ஒரு எண்.

8 வாரத்தில் அரிப்பு குறைந்தால் மகிழ்ந்து நிறுத்திவிடாதீர்கள். பழைய உணவைத் திரும்பக் கொடுங்கள். உணவுதான் காரணம் என்றால் இரண்டு வாரத்துக்குள், பல நேரம் சில நாளிலேயே, அரிப்பு திரும்பும். திரும்பாவிட்டால் பருவமோ, இடையில் போட்ட தெள்ளு மருந்தோதான் சரிசெய்திருக்கிறது. திரும்பினால் மறுபடி விலக்கு உணவுக்குப் போய், அடங்கியதும் ஒவ்வொரு பொருளாக, ஒன்றுக்கு இரண்டு வாரம் வீதம் சேர்த்துப் பாருங்கள். இந்த மறுசோதனையைச் செய்யாமல் விட்டால், தேவையில்லாத கட்டுப்பாட்டை நாயின் ஆயுள் முழுதும் சுமக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: தேனீ கொட்டிப் பத்து நிமிடத்தில் முகம் வீங்கிவிட்டது. காத்திருந்து பார்க்கலாமா?

பதில்: முகம் மட்டும் வீங்கி, நாய் சுறுசுறுப்பாக இருந்தால், கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியை 10 நிமிடம் வைத்தபடி மருத்துவரைக் கூப்பிடுங்கள். வாந்தி, திடீர் பேதி, தள்ளாட்டம், வெளுத்த ஈறு, மூச்சுத்திணறல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் வண்டியை எடுங்கள். நாய்களில் அதிர்ச்சி ஒவ்வாமை கல்லீரலையும் குடலையும் கடுமையாகத் தாக்கும். ஆகவே கொட்டியபின் வரும் வாந்தியை வயிற்றுக் கோளாறு என்று தள்ளிவிடக் கூடாது. தடுப்பூசிக்குப் பின் சில மணி நேரத்தில் வரும் முகவீக்கத்துக்கும் இதேதான். அடுத்த ஊசிக்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கன்னத்தில் ஒரே இரவில் ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய ஈரப்புண். வீட்டில் எங்களுக்கு வாங்கிய தோல் கிரீம் இருக்கிறது. தடவலாமா? அரிப்புக்கு எங்கள் அலர்ஜி மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: கிரீம் தோலில் இருப்பதைவிட வயிற்றுக்குள் போவதுதான் அதிகம். சோரியாசிஸுக்கான கால்சிபோட்ரியால் சிறிதளவு நக்கினாலும் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும். டைக்ளோஃபெனாக் ஜெல் குடலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். தோல் புற்றுநோய்க்கான ஃப்ளூரோயூராசில் வலிப்பையும் மரணத்தையும் உண்டாக்கும். துத்தநாக ஆக்சைடு களிம்பு வாந்தி தரும், அதிகம் நக்கினால் இரத்தசோகை. டீ ட்ரீ எண்ணெயும் நஞ்சே. இவற்றில் ஏதாவது உள்ளே போயிருந்தால் டியூபை எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

நீங்கள் சொல்வது ஹாட் ஸ்பாட். நாய் தானே கடித்தும் சொறிந்தும் உண்டாக்கியது. சுற்றியுள்ள முடியை நல்ல தோல் தெரியும் வரை மெஷினால் எடுக்க வேண்டும். ஒட்டிய முடிக்கு அடியில் புண் பெரிதாக இருக்கும். கத்தரிக்கோல் வேண்டாம், தோலையும் சேர்த்து வெட்டிவிடும். சோப்பு கலக்காத 2 சதவீத குளோர்ஹெக்சிடின் கரைசலில் 10 மி.லி.யை 390 மி.லி. சுத்தமான தண்ணீரில் கலந்தால் 0.05 சதவீதம் கிடைக்கும். அதை நனைத்த காஸ் துணியால் தினம் இருமுறை ஒற்றி, காற்றில் உலர விடுங்கள். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஆறும் திசுவையே கொல்லும். கழுத்துக் கோன் கட்டாயம். தொட விடாத அளவு வலி இருந்தால் மயக்கம் கொடுத்துத்தான் முடி எடுக்க வேண்டும், வீட்டில் மல்லுக்கட்டாதீர்கள். ஆறிய பின், ஏன் அந்த இடத்தைச் சொறிந்தது என்று தேடுங்கள். கன்னத்தில் என்றால் காதுக்குள் பாருங்கள், இடுப்பில் என்றால் தெள்ளைத் தேடுங்கள்.

மனித அலர்ஜி மாத்திரைகளில் சளிக்கான சூடோஎஃபெட்ரின் கலந்தவை நாயைக் கொல்லக்கூடும். சிரப்பில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் இரத்தச் சர்க்கரை சரிந்துவிடும். கலப்பில்லாத மாத்திரையும் நாள்பட்ட அரிப்புக்குப் பெரிதாகக் கேட்காது.

கேள்வி: ஸ்டீராய்டு இல்லாமல் அரிப்பை அடக்க முடியாதா?

பதில்: முடியும். ஆனால் ஸ்டீராய்டைப் பூதமாகப் பார்க்க வேண்டாம். சில நாள் வாய்வழி பிரெட்னிசலோன் கொழுந்துவிட்ட அழற்சியை அடக்க நல்ல மருந்து. தாகம், சிறுநீர், பசி கூடும், அவ்வளவே. சிக்கல் தருவது, மாதந்தோறும் போடும் நீண்டகால ஊசி. தசை கரையும், தோல் மெலியும், சர்க்கரை நோய் வரலாம், போட்டதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. பல வாரம் கொடுத்த மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது. வலிநிவாரண மாத்திரைகளோடு சேர்த்தால் இரைப்பையில் ஓட்டை விழக்கூடும்.

மாற்று மருந்துகளில் ஓக்லாசிட்டினிப் சில மணி நேரத்தில் அரிப்பை அடக்கும். ஒரு வயதுக்குட்பட்ட நாய்க்கும் கடும் தொற்று உள்ள நாய்க்கும் கூடாது. லோகிவெட்மாப் மாதம் ஒரு ஊசி. அரிப்புச் சமிக்ஞையைக் கொண்டுபோகும் இன்டர்லூகின்-31 என்ற புரதத்தை மட்டும் பிடித்துவைக்கும். சைக்ளோஸ்போரின் 4 முதல் 6 வாரம் கழித்தே வேலை செய்யும்; தொடக்கத்தில் வாந்தி சகஜம். தொற்று இருக்கும்போது இவற்றில் எதுவும் முழுப் பலன் தராது.

கேள்வி: காது ஓரம், முழங்கை, பின்னங்கால் மூட்டு மூன்றும் மொட்டை. எங்கள் கையிலும் சிவப்புப் புள்ளிகள். அலர்ஜி ஒட்டுமா?

பதில்: அலர்ஜி ஒட்டாது, சார்காப்டெஸ் என்ற சொறிப்பூச்சி ஒட்டும். காது மடல் ஓரத்தை மடித்துத் தேய்த்தால் நாய் பின்னங்காலை உதைத்துச் சொறிய முயன்றால் சந்தேகம் வலுக்கிறது. தோல் சுரண்டல் சோதனையில் பூச்சி அடிக்கடி சிக்காது. எனவே "நெகட்டிவ்" வந்தாலும் சிகிச்சை கொடுத்துப் பார்ப்பதே முறை. வீட்டு நாய்கள் அனைத்துக்கும் கொடுங்கள். கோலி இனத்திலும் அதன் கலப்பிலும் மரபணுக் குறைபாடு இருந்தால் ஐவர்மெக்டின் என்ற பூச்சிமருந்து அதிக அளவில் மூளைக்குள் போய் நஞ்சாகும். இனம் தெரியாமல் ஊசி வேண்டாம். நாய் குணமானதும் உங்கள் புள்ளிகள் பெரும்பாலும் தானாகப் போய்விடும். போகாவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: அடோபி என்று முடிவாகிவிட்டது. அலர்ஜி டெஸ்ட் எடுக்கலாமா?

பதில்: எதிர்ப்புத்தன்மையைப் பழக்கும் ஊசிக்கோ நாக்கடிச் சொட்டுக்கோ தயாராக இருந்தால் எடுக்கலாம். நோயைக் கண்டுபிடிக்க அல்ல, அந்த மருந்தில் எதெதைக் கலப்பது என்று தேர்ந்தெடுக்கவே இந்தச் சோதனை. தோலுக்குள் ஊசி போட்டுப் பார்க்கும் முறை என்றால், அதற்கு முன் வாய்வழி ஸ்டீராய்டை ஏறத்தாழ இரண்டு வாரம், நீண்டகால ஸ்டீராய்டு ஊசியைக் குறைந்தது நான்கு வாரம், அலர்ஜி மாத்திரையை ஒரு வாரம் மருத்துவர் சொல்படி நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தோல் பதிலே சொல்லாது. சிகிச்சை தொடங்கிய முதல் மாதங்களில் மற்ற அரிப்பு மருந்தையும் கூடவே கொடுக்கலாம். பலன் உண்டா இல்லையா என்பதை ஓராண்டு முழுதும் கொடுத்த பிறகே முடிவுசெய்ய வேண்டும். நான்காம் மாதத்தில் கைவிடும் வீடுகளே அதிகம்.